மூன்றாம் பேஸ் கோட்டில் விழுந்த பந்து

றஜனி அக்கா இன்று காலை காலமாகிவிட்டார். மாரடைப்பு. உடுப்பிட்டியில் அவருடைய வீட்டிலேயே...

வட்சப் குழுவில் யாரோ போட்ட இரண்டு வரியைப் பார்த்துத்தான் எனக்கும் தெரியும்.

சிலருக்கு அவரை அச்சுவேலியில் பாமசியில் மருந்து எடுத்துத் தரும் அக்காவாகத் தெரியும். மற்றவர்களுக்கு அந்த வீடியோவில் வந்த பேஸ்போல் அம்பயராக.

வீடியோவைப் பார்த்தவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

நானும் அவரும் ஒரே நாளில்தான் அம்பயர் பரீட்சை எழுதினோம். நான் பாஸ்கற்போல் ஆடி வந்தவள். அங்கே ஃபவுல் என்றால் யாரோ யாரையோ இடித்திருக்க வேண்டும். ஐந்து சேர்ந்தால் ஆள் வெளியே.

அதற்கு முந்திய பயிற்சி நாட்களில், ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். "அக்கா, இஞ்ச ஒருத்தரும் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லையே. பிறகேன் ஃபவுல் எண்டு சொல்லீனம்?"

"இது பந்துக்குத்தான் ஃபவுல், ஆளுக்கில்லை. வெளியிலை விழுந்தா ஓடின ஓட்டம் ஒண்டும் செல்லாது, திருப்பி அடிக்கலாம். கோட்டிலை விழுந்தா நல்ல பந்து. கோடும் உள்ளுக்குத்தான் சேர்த்தி."

அப்பளத்தை முறித்தபடி இன்னொன்றும் சொன்னார். "காணாட்டில் காணேல்லை எண்டு சொல்லு வாணி. வெக்கப்படாதை. மூண்டு பேரும் கூடிக் கதைச்சு முடிவெடுக்கலாம். விதியிலையே அதுக்கு இடமிருக்கு."

நான்கு வருடங்களுக்கு முன் பெண்கள் கிளப்புகளுக்கான இறுதிப் போட்டி. அக்கா தலைமை அம்பயர், அடிக்கும் பிள்ளைக்குப் பின்னால் நின்றார். நான் மூன்றாம் பேஸில். அந்தப் பக்கக் கோட்டில் பேஸைத் தாண்டி விழும் பந்துக்கு நான்தான் பொறுப்பு.

கடைசி இன்னிங்ஸ். பருத்தித்துறைப் பக்கத்து ரீம் ஒரு ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட் என்றால் ஆட்டம் முடிந்தது. இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள்.

என்னுடைய போன் பொக்கற்றுக்குள் அதிர்ந்தது. போனோடு கிறவுண்டுக்குள் போகவே கூடாது. போனேன். அது மட்டுமில்லை... குனிந்தும் பார்த்தேன்.

மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். பந்து ஏற்கனவே நிலத்தில் பட்டு உருண்டுகொண்டிருந்தது. எங்கே விழுந்தது என்று நான் காணவில்லை.

காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு கையையும் உயர்த்தி "ஃபவுல்" என்று கத்தினேன்.

அக்கா என்னிடம் நடந்து வந்தார். "நீ கண்டனியே?"

"ஓம் அக்கா. நல்லா வெளியிலை."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போய், எல்லோருக்கும் தெரியும்படி இரண்டு கையையும் உயர்த்தினார். ஓடி வந்த இரண்டு ஓட்டமும் போயிற்று.

நான் கோட்டைப் பார்த்தேன். சுண்ணாம்புக் கோட்டின் நடுவில் பந்து பட்ட பள்ளம். உள்ளங்கை அளவு.

சப்பாத்துக் காலால் தேய்த்து அதை அழித்தேன்.

அடுத்த பந்திலேயே அந்தப் பிள்ளை அவுட். நிலத்தில் குந்தியிருந்து அழுதது.

வீடியோ எடுத்தவர் அடிக்கும் இடத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அதில் நான் இல்லை. அக்காவின் உயர்ந்த கைகள் மட்டும்தான். "வித்துப்போட்ட அம்பயர்" என்று எழுதிப் போட்டார்கள். எத்தனை ஷெயர்...

பாமசிக்கே போய்க் கேட்டிருக்கிறார்கள். "அக்கா, இந்தப் பனடோல் கோட்டுக்கு உள்ளையோ வெளியிலையோ?"

லீக்கில் விசாரணை வைத்தார்கள். அது என் பக்கத்துக் கோடு என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அக்காவோ, "தலைமை அம்பயர் நான். தீர்ப்பும் என்ரை. அவவை ஒண்டும் கேக்கத் தேவையில்லை" என்றார்.

நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரை ஒரு போட்டிக்கும் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த வருடமே தலைமை அம்பயர் ஆக்கினார்கள். போனேன்.

ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று டொக்டர் எழுதின மருந்துத் துண்டோடு அக்காவிடம் போனேன். கடையில் வேறு ஆட்கள் இல்லை. மருந்துப் போத்தலை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்டைக்கு ஏன் கோட்டிலை காலாலை தேச்சனி?"

அவர் கண்டிருக்கிறார்.

"கல்லு ஒண்டு கிடந்தது அக்கா."

"ஓ..." என்றார். பிறகு போத்தலில் அளவை எழுதி என் கையில் தந்தார். "சாப்பாட்டுக்குப் பிறகு குடு. தண்ணி கனக்கக் குடுக்க வேணும்."

அதன் பிறகு மருந்து வாங்க நான் நெல்லியடிக்குத்தான் போனேன்.

இன்று செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய கணவர் வாசலில் நின்றவர், என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "வாணி தானே? எல்லாரும் ஏசேக்கை நீங்கள் ஒருத்தர்தான் ஒரு சொல்லும் சொல்லேல்லையாம். அவ அடிக்கடி சொல்லுவா."

அக்கா அவரிடம்கூடச் சொல்லவில்லை.

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் இருந்து இதை எழுதுகிறேன்.

அண்ணை, இதை நீங்களோ பிள்ளைகளோ வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் போடுகிறேன். பந்து கோட்டில்தான் விழுந்தது. பிழையான தீர்ப்பு என்னுடையது. தடயத்தை அழித்ததும் நான்தான்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு எடுக்கிறார்கள். நான் வருவேன். உள்ளே வர வேண்டாம் என்றால் றோட்டில் நிற்கிறேன்.

போயிட்டு வாங்கோ, றஜனி அக்கா.