இரண்டு கணினிக்கும் ஒரே பெயர்
எங்கள் புடவை டிசைன்கள் மொத்தமும் திருத்தணி கடையில் மேசைக்கடியில் இருந்த கணினியில்தான் இருந்தன. வேறு நகல் கிடையாது. அம்மையார்குப்பம் தறிக்கூடத்துப் பழைய கணினியை விற்கப்போவதால், அதில் இருப்பதையெல்லாம் அழிக்கச் சொன்னார் முதலாளி. கடையில் உட்கார்ந்தபடியே கறுப்புத் திரையில் கட்டளை தட்டி அதோடு இணைந்தேன்.

அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு, எண்டரை அழுத்தும் முன் கை நின்றுவிட்டது. நடுவில் இணைப்பு அறுந்திருந்தால் நான் இருப்பது கடைக் கணினியில். எதில் இருக்கிறேன் என்பதைத் திரையில் தெரியும் கணினிப் பெயர்தான் சொல்லும். எங்கள் முதலாளிப் புண்ணியவானோ பக்தியில் இரண்டுக்கும் ‘தணிகை’ என்றே பெயர் வைத்திருந்தார்.

தட்டியதை நீக்கிவிட்டு, சிடி தட்டைத் திறக்கும் கட்டளையைக் கொடுத்தேன். தறிக்கூடத்தில் இருந்த முதலாளியைப் போனில் கூப்பிட்டேன்.

"அங்க சிடி தட்டு வெளிய வந்துச்சாங்க?"

"இல்லியேம்மா, அப்டியே மூடிகினுதான் கீது."

காலை நகர்த்தினேன்; மேசைக்குக் கீழே என் முழங்காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஒண்ணுக்காவது பேர மாத்திடலாங்க," என்றேன்.

"சாமி பேரயா? எனக்கு பயமா கீதும்மா."

பயமாம், அவருக்கு!