நாற்பது பேர் போட்ட கணக்கு

ஐம்பத்தொரு வயதில் ஒரு வீட்டுப்பாடத்துக்காக அழுதேன். என் மனைவியைக் கேட்டால், அழவில்லை, ஊளையிட்டார் என்பாள்.

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசராக உயர டிப்ளோமா வேண்டும் என்றார்கள். பகுதிநேரமாகச் சேர்ந்தேன். புள்ளியியலில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது முறையும் போனால் படிப்பிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள். மிச்சமிருந்தது ஒரே ஓர் அசைன்மெண்ட். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள், 'இது என் சொந்த முயற்சி' என்று கையெழுத்திட்டு இணையத்தில் ஏற்ற வேண்டும்.

சனிக்கிழமை காலை, திட்ட விலக்கம் எனக்கு மைனஸில் வந்தது. அது மைனஸில் வரவே வராது என்கிறது புத்தகம். புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேனோ என்று அரை நிமிடம் பெருமையாக இருந்தது. பிறகு மறுபடி போட்டுப் பார்த்தேன்; அதே மைனஸ்.

கோப்பெங் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டம் இன்று வீடமைப்புத் திட்டம். ஆட்கள் சிதறிப்போய் ஒரு வாட்சப் குழுவில் கூடியிருக்கிறோம். சாவுச் செய்தி, கல்யாணப் பத்திரிகை, விடிந்தால் முருகன் படம். என் கணக்கைப் படம் பிடித்து அதில் போட்டேன்: "எங்க தப்புன்னு மட்டும் காட்டுங்க. விடை வேணாம். விடைய வாங்கி எழுதுனா என்னைத் தூக்கிருவாங்க."

தோட்டத்து ஆட்களிடம் பாதி உதவி கேட்க முடியாது என்பதைப் பதற்றத்தில் மறந்துவிட்டேன். பந்தல்கால் பிடிக்க ஒருவரைக் கூப்பிட்டால் நாற்பது பேர் வந்து, பந்தலும் போட்டு, சோறும் வடித்து, நம்மை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

மதியத்துக்குள் கோப்பு வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்து, இப்போது தைப்பிங்கில் இருக்கும் அக்கா அனுப்பியிருந்தார். அவருடைய மகள் கணக்கில் புலி. ஐந்து கேள்விக்கும் விடை. முகப்பில் கொட்டை எழுத்தில் என் பெயர். குழுவில் அதன் கீழே நாற்பது கட்டைவிரல்கள்.

அக்காவை அழைத்தேன். "வழி மட்டும்தானேக்கா கேட்டேன்?"

"வழிய காட்டிட்டு உன்ன நடுரோட்டுல விட்டுட்டுப் போறதா? நாங்க என்ன வேத்தாளா? டென்ஷன் ஆகாத லா, தம்பி."

"திறந்து பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல. முகப்புல என் பேர மட்டும் பாத்தேன். நல்லா இருந்துச்சு."

உண்மையிலேயே திறக்கவில்லை. மறுநாள் நாலே முக்காலுக்கு என் கணக்கையே ஏற்றினேன், மைனஸோடு. யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம்தான்.

மூன்று வாரம் கழித்துத் தேறவில்லை என்று தகவல் வந்தது. பெயரும் போனது. இனி ஸ்டோரில் பெட்டி தூக்கியே ஓய்வு பெற வேண்டியதுதான். அன்றைக்குப் பார்த்து அக்கா அழைத்தார்.

"என்ன தம்பி, பாஸா?"

தோற்றேன் என்றால், மகள் போட்ட கணக்கு தப்பாகிவிடும். அதைத் தொடவே இல்லை என்றால், நாற்பது பேர் முகத்திலும் அறைந்ததாகிவிடும். அசைன்மெண்டில் சொல்லாத பொய்யை அக்காவிடம் சொன்னேன்.

"பாஸுக்கா."

"அப்படிப் போடு! பட்டமளிப்பு எந்த மாசம்? பஸ் எடுத்துட்டு எல்லாரும் வாரோம்."

குழுவில் பஸ்ஸுக்குப் பெயர் சேர்ந்துகொண்டிருக்கிறது. முப்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். மண்டபம் எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.