பத்து விரலும் ஒரு கம்பும்

தறியில் உட்காருகிறவர்களுக்கு முதலில் இறுகிப்போவது தோள்தான். இதை உங்களுக்குச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். சிலம்பத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெயர் உண்டு, ஒன்றை மாற்றி எழுதினாலும் கம்பு சொல்லித் தரும் எங்கள் வஸ்தாது முகம் சுளிப்பார். ஆனாலும் நாற்பத்தைந்து வயதில், கையைத் தூக்கிப் பின்னல் போட முடியாமல் தவிக்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்களே!

தோளைச் சுழற்றாவிட்டால் கை தூக்கவே வராது என்று டாக்டர் சொன்னதால், செவிலிமேட்டில் காலை ஆறு மணிக்கு நடக்கும் பெண்கள் கம்பு வகுப்பில் சேர்ந்தேன். அன்று முதல் விரலைப் பற்றிய கவலை. பட்டு இழை அறுந்தால் விரல் நுனியால்தான் முடிச்சுப் போட வேண்டும். தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் இருந்தது. ஒரு விரல் நசுங்கினால் அது அங்கேயே நிற்கும்.

உறை

முதல் வாரமே விரல்களுக்குப் பஞ்சு வைத்து உறை தைத்து மாட்டிக்கொண்டு போனேன். வஸ்தாது மெத்தைக் கடை வைத்திருக்கும் பாய். அவருடைய வாப்பாவும் கம்பு சொல்லிக் கொடுத்தவர். உறையைப் பார்த்துவிட்டுக் கம்பைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். கம்பு வழுக்கி என் முழங்காலிலேயே விழுந்தது.

"பஞ்சு நல்லாத்தான் அடைச்சிருக்கே, என் கடைக்கு வேலைக்கு வந்துடும்மா. கம்புக்கு வெறுங்கைதான்."

தறிச் சத்தம்

எனக்கு ஜோடியாக நின்றவள் மாகறல் தேவகி. வயலில் வேலை செய்த கை, அடி விழுந்தால் எனக்குத் தோள்வரை அதிரும். நான் வீசும் அடியெல்லாம் வருவதற்கு முன்பே அவள் கம்பு அங்கே காத்திருந்தது. எப்படி என்று புரியாமல் இரண்டு நாள் தூக்கம் கெட்டது. இருபத்தைந்து வருஷமாக தறியில் ஒரே தாள அளவில் மிதித்து, நாடா ஓட்டி, அச்சை இழுத்து அடித்த உடம்பு. கம்பிலும் அதே அளவு வந்துவிட்டதை அவள்தான் கண்டுபிடித்தாள்.

"அக்கா, நீ எங்க கம்பு சுத்துறே? நெய்துக்கினு இல்ல இருக்கே! அடுத்த அடி எப்பன்னு கண்ணை மூடிக்கினே சொல்வேன்."

தலைக் காப்பு

தலைக்கு வரும் அடியை, இரண்டு கையாலும் கம்பை உயர்த்தித் தடுக்க வேண்டும். என் கை காது வரை போய் நின்றுவிடும். ஒரு நாள் தேவகியின் கம்பு இறங்கி வந்த வேகத்தில், தறிக்குழியில் இறங்குகிறவள் போல முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டேன். அடி என் கம்பில் விழுந்தது. தலை தப்பித்தது. எல்லாரும் சிரித்தார்கள், வஸ்தாது மட்டும் சிரிக்கவில்லை. பாடத்தில் உள்ளபடி தினமும் பத்து முறை கையைத் தூக்க வைத்தார். கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் மூன்று மாதத்தில் காதைத் தாண்டி நாலு விரல்கடை உயர்ந்தது.

"கம்புதாம்மா தலைக்கு மேல போகணும், தலை கம்புக்குக் கீழ வரக் கூடாது. எங்க வாப்பா பாத்திருந்தா பிரம்பை எடுத்திருப்பாரு."

கடைசி ஆட்டம்

மூன்றாம் மாத முடிவில் எல்லார் முன்னாலும் ஓர் ஆட்டம். கம்பைக் கைவிட்டால் தோல்வி. தோள் வலியோடு மெல்ல மெல்ல நெய்த முகூர்த்தப் புடவையில் முந்தானை மட்டும் பாக்கி. உள்ளங்கை வேர்த்து, கட்டியிருந்த புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து நின்றேன்.

வழக்கமான அளவிலேயே நாலு அடி வீசினேன். ஐந்தாவதை, இழை அறுந்தால் கை சட்டென்று நிற்குமே, அப்படிப் பாதியில் நிறுத்தினேன். வராத அடியைத் தடுக்கத் தேவகி கம்பை உயர்த்தினாள். அவள் முழங்காலைத் தொட்டுவிட்டேன்! கூட்டம் கத்தியது. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வீச்சு என் கம்பின் மேலேயே சறுக்கிக்கொண்டு நேராக என் விரல்களைப் பார்த்து வந்தது. யோசிக்கவில்லை. கம்பைப் போட்டேன், தலையைத் தாழ்த்தித் தரையில் உட்கார்ந்தேன். அவள் கம்பு கொண்டைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. பத்து விரலையும் விரித்துப் பார்த்தேன். வஸ்தாதும் குனிந்து பார்த்தார்.

"ஆட்டம் தேவகிக்கு. நடுவுல நிறுத்தினே பாரு, அது நல்லா இருந்துச்சு. கம்பைப் போட்டுட்டு உக்காந்தியே, அதை மட்டும் யாருக்கும் சொல்லிக் குடுத்துடாதேம்மா."

அவர் பேச்சைத் தட்டாமல் நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, எழுதி மட்டும்தான் வைத்திருக்கிறேன். புடவையும் அடுத்த வாரமே தறியை விட்டு இறங்கிவிட்டது.