சணல் சுற்றிய போல்ட்

சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் வாங்கிய எங்கள் பழைய காரில், பின்சில்லின் ஸ்பிரிங் வில்லைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்துவிட்டது. "கராஜில குடுங்கோ" என்றேன். "ஒரு போல்ட் இறுக்கவும் கராஜோ?" என்று சிரித்துவிட்டு, என் கணவரே முற்றத்தில் படுத்து முறுக்கினார். "எல்லாம் சரி, ஏறும்" என்றார். நம்பிப் பிள்ளைகளோடு ஏறினேன்.

பாமன்கடைச் சந்தியில் நட்டு கழன்று, சில்லு சரிந்து, கார் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கியது. உயிர் தப்பியது கடவுள் புண்ணியம். குனிந்து பார்த்தால் சணல் தொங்குகிறது! முறுக்கிய முறுக்கில் போல்டின் திருகுப்புரி தேய்ந்துபோக, அதில் சணலைச் சுற்றி நட்டைப் போட்டு, கிறீஸ் பூசி மறைத்திருக்கிறார். கேட்டதற்கு, "நீர் கதைச்சபடியால்தான் கவனம் பிசகினது" என்றாரே!

இப்போது அவர் காரில் எதை முறுக்கினாலும், "முதல்ல உங்கட அம்மாவை ஏத்திக்கொண்டு பொரளை வரைக்கும் போயிட்டு வாங்கோ. பிறகு நாங்கள் ஏறுறம்" என்கிறேன். உடனே கார் கராஜுக்குப் போய்விடுகிறது.