கல்யாண மெத்தை

கள்ளக்குறிச்சிக் கடையில் மகள் குத்துச்சண்டை பழகக் குத்துப்பை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பையை ஓங்கிக் குத்தினாள். தொம்மென்ற அந்தச் சத்தம் என்னை எங்கள் பழைய வீட்டு வேப்பமரத்தடிக்கே கொண்டுபோய்விட்டது.

அக்கா அப்போது பள்ளிக் குத்துச்சண்டை அணியில் சேர்ந்திருந்தாள். அவள் குத்திப் பழக, உரச்சாக்கில் மணலை நிரப்பி மரக்கிளையில் தொங்கவிட்டோம். அவள் கை வீங்கிவிட்டது. உமியை நிரப்பினோம். தையல் விட்டு வாசலெல்லாம் உமி பறந்தது. போட்டியோ நெருங்கிவிட்டது. கடைசியில் பரண்மேலிருந்த மெத்தையை இறக்கினோம். அக்கா கல்யாணத்துக்கென்று அப்பா கரியாலூரில் இலவம்பஞ்சு வாங்கித் தைத்துவைத்தது. சுருட்டி, கிணற்றுக் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டோம். அடி வாங்கவே பிறந்ததுபோல் இருந்தது.

கரும்பு வெட்டிவிட்டு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது?"

நான் அக்காவின் பின்னால் ஒளிந்தேன். அவள் அசையவில்லை.

"மாப்ள வர்ற வரிக்கும் சும்மாதானப்பா தூங்கிக்கினு இருக்குது?"

அப்பா மெத்தையை ஒருமுறை சுற்றிவந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு ஓங்கி ஒரு குத்து விட்டார். ஆடிப்போன மெத்தை திரும்பி வந்து அவரையே தள்ளி உட்காரவைத்தது. அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த கூழ் அடிப்பிடித்தது.

"இன்னும் கொஞ்சம் மேல கட்டுங்கடி," என்றார் அப்பா, தரையில் உட்கார்ந்தபடியே.

கடையிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டு, எந்தப் பை வாங்கலாம் என்று கேட்டேன்.

"ஏன்டி, உன் வூட்ல மெத்தை இல்லியா?"