கன்னடத்தில் சொன்ன சாட்சி

எனக்குத் திக்குவாய். ப, க என்று தொடங்கும் சொற்கள் உதட்டிலேயே நின்றுவிடும். பேசாமல் செய்யக்கூடிய வேலைகளாகப் பார்த்துப் பார்த்துச் செய்தே வயது ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது. கோலார் தங்கவயலில் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தங்கவயலிலேயே ஊரிகம் பகுதியில் இருக்கும் எங்கள் சபையிலும் அப்படித்தான்: மைக் செட், தண்ணீர்த் தொட்டி, ஒழுகும் கூரை எல்லாம் என் பொறுப்பு. ஜெபம் பண்ணச் சொன்னால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வேன்.

அதனால், நேபாள மலையில் இருக்கும் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒன்பது நாள் ஊழியத்துக்கு ஆறு பேர் போகிறோம் என்று பாஸ்டர் சொல்லி, என்னையும் கூப்பிட்டபோது முதலிலேயே கேட்டுவிட்டேன்.

“பேசச் சொல்ல மாட்டீங்களே?”

“அங்க தண்ணி மோட்டார் சரியில்லையாம். உங்க கைதான் வேணும், வாங்க” என்றார்.

அந்த வார்த்தையை நம்பித்தான் கிளம்பினேன். கோரக்பூர் வரை ரயில், எல்லை வரை பஸ், அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க ஜீப். வழியெல்லாம் எங்கள் குழுவில் இருந்த ரிட்டயர்டு நர்ஸ் அக்கா ஆறு பேருக்கும் எலுமிச்சை ஊறுகாயும் புளிசாதமும் பங்கு போட்டார். ஜீப்பில் எனக்கு வாந்தி வந்தபோது முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். அதற்குமுன் பத்து வருஷமாக அவரைச் சபையில் பார்த்திருந்தும் நாங்கள் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் கீழே இருந்த ஊற்றிலிருந்து வர வேண்டும். பம்ப் ஓடியது, தண்ணீர்தான் ஏறவில்லை. நர்சுகள் ஒரு மாதமாகக் குடத்தில் சுமந்துகொண்டிருந்தார்கள். குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கும் வால்வில் ரப்பர் நைந்துபோயிருந்தது. ஜீப்பின் பழைய டியூபை வெட்டி அளவு பார்த்துப் போட்டேன். அதற்காக ஊற்றுத் தொட்டிக்குள் நான் தலைகீழாகத் தொங்க, ஆஸ்பத்திரி வாட்ச்மேன் என் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டார். அவர் பெங்களூரில் பன்னிரண்டு வருஷம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலுக்கு இருந்தவர். நன்றாகக் கன்னடம் பேசினார். எங்கள் ஊரில் தமிழ் வீட்டுக்கு, கன்னடம் வெளியே. எனக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் திக்கும். அவர் கேள்வி கேட்டால் என் பதில் வரும்வரை ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நிற்பார். இரண்டாம் நாள் மத்தியானம் மேலே வார்டில் குழாய் திறந்து, நர்சுகள் கைதட்டுவது எங்களுக்குக் கேட்டது.

அதுவே எனக்கு வினையாயிற்று. வெள்ளிக்கிழமை பாஸ்டர் தயங்கித் தயங்கி வந்தார்.

“அண்ணா, நாத்திக்கெழம ஆராதனைல உங்களதான் கேக்கறாங்க. தண்ணி கொண்டாந்தவரு சாட்சி சொல்லட்டும்ங்கறாங்க. நான் இன்னா சொல்றது?”

தேவன் தன் வாழ்க்கையில் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. நேபாளத்தில் விடுமுறை நாளான சனிக்கிழமைதான் ஆராதனை என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு இருந்த இரண்டு நாள் ஒரு நாளாயிற்று. சோறு இறங்கவில்லை. காலையில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஜுரம் என்றேன். அக்கா தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதறினார்.

“ஜுரமெல்லாம் இல்ல. பயம் கீது. வேணாம்னா சொல்லுங்க, நான் பாஸ்டர்கிட்ட சொல்லிடறேன். இதுல வெக்கம் இன்னா?”

அவர் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் என்னை எழுப்பியது என்று நினைக்கிறேன். கட்டாயப்படுத்தியிருந்தால் படுத்தே கிடந்திருப்பேன்.

வழக்கமாக மொழிபெயர்க்கும் டாக்டர் ஓர் அவசரப் பிரசவத்துக்காகப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது வாட்ச்மேன்தான். சபைக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போது என் கையைப் பிடித்தார்.

“ஸார், மெல்லகே ஹேளி. நனகூ பய ஆகுத்தே” என்றார். மெதுவாகச் சொல்லுங்கள், எனக்கும் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் அதற்குமுன் யாருக்கும் மொழிபெயர்த்ததில்லை.

என் வாழ்க்கையில் என்னை மெதுவாகப் பேசும்படி கெஞ்சிய முதல் ஆள் அவர்.

முன்னால் போய் நின்றேன். தரையில் உட்கார்ந்திருந்த நாற்பது ஐம்பது முகங்கள், நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும். கொரோனா அடங்கிய அடுத்த வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை முற்றிக் கோலார் ஜில்லா ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன். எங்கள் லைன் வீட்டு வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருந்த இந்துக் குடும்பம் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது, என் மனைவியை வீட்டில் தூங்கச் சொல்லிவிட்டு அந்த வீட்டு அண்ணன் மூன்று இரவு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, எல்லாம் சொன்னேன். தேவன் எனக்கு உதவி அனுப்பிய விதம் அது, எனக்குத் தெரிந்த சாட்சி இதுதான் என்றேன்.

கன்னடத்தில் ஒரு வாக்கியம் சொல்வேன். வாட்ச்மேன் நேபாளியில் சொல்வார். அந்த நேரத்தில் நான் மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குத் தயாராவேன். கடைசியில் இங்கே தண்ணீர் ஏறியதைச் சொல்ல வந்தபோது, ‘பம்ப்’ என்ற இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். உதடு ஒட்டிக்கொண்டது. அவருக்குத் தெரியும் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று. எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்திருப்பார்கள். அவர் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றார். சொல் வந்தது, அதை வாங்கி அவர் மொழியில் சொன்னார்.

முடிந்ததும் காலில் போட்ட கட்டோடு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எதையோ கேட்டாள். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே எனக்குக் கன்னடத்தில் சொன்னார்: “அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நல்லா இருக்காரான்னு கேக்கறாங்க.” நன்றாக இருக்கிறார் என்றேன். அது திக்காமல் வந்தது.

மத்தியானம் பருப்பும் சோறும் கீரையும் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். மூன்றாவது தட்டுக்கு அக்கா முறைத்தார். “ஜுரக்காரரு, பாத்து சாப்டுங்க” என்றார். பாஸ்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை என்பதற்காக. பரவாயில்லை என்று தோளில் தட்டினேன். வெயிலில் ஒரு பாறைமேல் படுத்துத் தூங்கிப்போனேன். பல வருஷமாக அப்படிப் பகலில் தூங்கியதில்லை.

திக்கல் போய்விடவில்லை. ஊர் திரும்பிய வாரம் சபையில் பயண அறிக்கை சொல்ல என்னைக் கேட்டார்கள். தமிழில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஆனால் இந்தமுறை உட்காரவில்லை. இரண்டாவது பெஞ்சில் அக்கா மடியில் கைகளை வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல் காத்துக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த மற்றவர்களும் அப்படியே. சொல்ல வந்ததை முழுதும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.