வீட்டைக் கேட்காமல் இருந்த மாதம்

ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் குசினிச் சுவரோரம் ஒருவர் அளவு நாடாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. கீழே இருந்த வீட்டுக்கார அம்மாவின், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிட்டவரின், தங்கை மகன் அவர். கலியாணம் கட்டப் போகிறாராம். குளிர்ப்பெட்டியை எந்த மூலையில் வைக்கலாம் என்று பார்த்தார். பிறகு, "நீங்கள் எப்ப வெளிக்கிடுறீங்கள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். உங்கள் அம்மா அடுப்பில் கொதித்த தேநீரை மறந்து என் முகத்தையே பார்த்தார்.

பிள்ளைகளே, பலெர்மோவில் ஒரேத்தோப் பக்கம் உள்ள அந்த வீட்டில்தான் நீங்கள் இரண்டு பேரும் பிறந்தீர்கள். அதனால் அது எப்போதும் எங்களோடு இருந்தது போலத்தான் உங்களுக்குத் தோன்றும். அப்படி இல்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அது கைவிட்டுப் போகப் பார்த்தது, அதுவும் என் பிழையால்.

நாலு வருட ஒப்பந்தம் அது. எழுதித் தந்தவர் சிஞ்ஞோராவின் கணவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிகம் கதைக்க மாட்டார். பெப்ரவரிக் கடைசியில் அது முடிவதற்கு முன் மறுபடி நாலு வருடத்துக்கு எழுதுவோம் என்று வாயால் சொல்லியிருந்தார். அப்போது உங்கள் அக்காவுக்கு ஆறு வயது. கொழும்பில் சித்தியோடு விட்டிருந்தோம். அவளைக் கூப்பிடுவதற்கு நான் சேர்த்த பேப்பர்களை, விசா கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் பார்த்தவர், முடியப்போகிற வீட்டு ஒப்பந்தம் செல்லாது, புதியதைக் கொண்டு வா என்று திருப்பித் தந்தார். அக்கா வருவதற்கு அந்த ஒரு கடதாசிதான் குறை.

பெப்ரவரி முதல் வாரத்தில் வீட்டுக்காரர் நித்திரையிலேயே போய்விட்டார்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயல்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சிசிலிக்காரரிடமும் அது உண்டு என்று அன்றுதான் கண்டேன். அயல் வீடுகளில் இருந்தவர்கள் பெரிய சட்டியில் இறைச்சி ரசம் கொண்டுவந்தார்கள். உங்கள் அம்மா தூள் போடாமல் பருப்பும் கத்தரிக்காயும் சோறும் கொடுத்தார். நான் ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிய காலம் அது. மீன் மணக்கிற அந்தக் கையோடு அவர்கள் வாசலுக்குப் போகக்கூடாது என்று, குளித்த பிறகுதான் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவேன்.

ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

"இப்ப போய் வீட்டுக் கதை கதைச்சால் அந்த மனுசி என்ன நினைக்கும்? முப்பத்தொண்டாம் நாள் செலவு கழியட்டும்" என்றார் அம்மா.

"ஓம், கழியட்டும்" என்றேன். அது சரியென்றே எனக்கும் பட்டது. சிஞ்ஞோரா ஒன்றிரண்டு தரம் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான், "நீங்கள் ஆறுதலாய் இருங்கோ" என்று சொல்லிவிட்டு மேலே ஓடி வந்துவிட்டேன். பெப்ரவரியும் முடிந்தது. முப்பத்தொன்றுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் அந்த அளவு நாடா வந்தது.

அவர் போனதும் உங்கள் அம்மா அடுப்பை அணைத்தார். "போங்கோ. முப்பத்தொண்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பிள்ளைக்காகப் போங்கோ."

சிஞ்ஞோரா கறுப்பு உடுப்போடு சன்னல் அருகில் இருந்தார். அவர் பேசியது இத்தாலியன். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"நீ வேற வீடு பாத்திட்டாய் எண்டு நினைச்சன்" என்றார். "ஒப்பந்தம் முடிஞ்சுது, நீ ஒரு சொல்லும் சொல்லேல்லை. நான் கேக்க வெளிக்கிட்டா ஓடுறாய். சாப்பாட்டிலயும் ஒரு துண்டு இறைச்சி இல்லை. என்னோட கோபமாக்கும் எண்டு இருந்திட்டன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தெரிந்த இத்தாலியனில் தட்டுத்தடுமாறி எல்லாம் சொன்னேன். செத்த வீட்டுக்கு மீன், இறைச்சி என்று மச்சம் கொடுக்க மாட்டோம், துக்கம் கழியும் வரை எங்கள் தேவையைச் சொல்லி அந்த வாசல் மிதிக்க மாட்டோம் என்றேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "எல்லாரும் வந்து அவரைப் பத்தியே கதைச்சினம். வீடு, கடதாசி எண்டு நீ ஏதாவது கேட்டிருந்தால் எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கும்" என்றார். எழும்பித் தங்கை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கிருந்து தங்கை போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "உன்ர மகனுக்குப் பலெர்மோ முழுக்க வீடு இருக்கு. இவன்ர பிள்ளைக்கு இது ஒண்டுதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஒப்பந்தம் எழுதினோம். அதுவரை வீட்டுக் கடதாசி எதிலும் அவர் கையெழுத்து வைத்ததில்லையாம். கணவரின் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பிறகு தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

மரியாதை என்று நான் நினைத்ததை அவர் கோபம் என்று நினைத்திருக்கிறார். இப்போது துக்க வீட்டுக்குப் போனால் சாப்பாடு கொடுத்த கையோடு கொஞ்சநேரம் இருந்து கதைத்துவிட்டுத்தான் வருகிறேன்.

கார்த்திகையில் அக்கா வந்தாள். விமான நிலையத்திலிருந்து வந்த களைப்பில், எங்கள் கட்டிலில் குறுக்காக விழுந்து நித்திரையாகிவிட்டாள். பார்க்க மேலே வந்த சிஞ்ஞோரா வாசலிலேயே நின்றார். சப்பாத்தைக் கழற்ற நான் குனிந்தபோது என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு, படுக்கட்டும். அதைப் பிறகு கழட்டலாம். அவள் இனி எங்கயும் போகப்போறேல்லைத்தானே."